ஐந்தாவது துண்டு

நிக்கல் சுரங்கத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது எங்கள் ஆய்வுக்கூடம். பிரபஞ்சம் முழுக்க நிறைந்திருந்தும் கண்ணுக்குப் படாத கரும்பொருளை அங்கே தேடுகிறார்கள். அங்கே தூசி ஆகாது என்பதால், குளித்துக் கூடத்து உடையை மாட்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. உடையையும் ஆளுக்கொரு துண்டையும் துவைப்பது என் வேலை. என் மனைவி ஐலா அங்கே பதினோரு வருடம் தேடினாள். மார்ச்சில் இறந்துபோனாள்.

அதன்பிறகும் நான்கு பேர் இறங்கினால் ஐந்து ஈரத் துண்டுகளும் ஐந்து உடைகளும் துவைக்க வந்தன. ஐந்தாவது உடை அவள் போடும் சின்ன அளவு.

"எவனோ ரெண்டு தடவ குளிக்கிறான், பாவோ," என்றார் மேற்பார்வையாளர் ரெஷான்.

"இந்தச் சின்ன உடுப்பு உங்கள்ல யாருக்குப் பத்தும்?"

அவர் தன் தொப்பையைப் பார்த்துக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை அந்த உடையை அலமாரியில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உடை இல்லையென்றால் வேலைக்குப் போக முடியாது, வீட்டுக்கு வருவாள் என்று நினைத்தேன். வீட்டின் நீராவிக் குளியல் அறையைச் சூடாக்கி, அவளுடைய துண்டை ஆணியில் மாட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

அவள் வரவில்லை. திங்கட்கிழமை உடையைக் கூடத்து அலமாரியில் திருப்பி வைத்தேன். நான்கு துண்டுகள்தான் வந்தன. மறுநாளும் நான்கு.

"பாத்தியா, கணக்கு சரியாயிடுச்சு," என்று ரெஷான் தோளைத் தட்டினார்.

வீட்டில் ஆணியில் தொங்கும் துண்டைத் தினமும் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்துதான் இருக்கிறது.