ஜன்னல் பக்கம்

சிந்தாமணி பனியன் கம்பெனிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து, ஜன்னல் கம்பியில் ஒரு தண்ணீர் பாட்டில் தலைகீழாகத் தொங்கியது. அதிலிருந்து இறங்கிய குளுக்கோஸ் குழாய், கட்டிலில் கிடந்த கணவர் ராக்கியப்பனின் வாயோரம் வந்து நின்றது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாதவர். தாகம் எடுத்தால் முகத்தைத் திருப்பிச் சப்பிக்கொள்வார்.

"கன்னுக்குட்டியக் கட்டிப் போட்டுட்டுப் போறா பாரு."

"கவர்மெண்டு காசுல உங்க மருந்துக்கே பத்தறதில்லீங்க. நான் போகாம?"

"போ. சிங்காரிச்சுட்டுப் போ."

அன்று அவள் கிளம்பும் நேரத்தில் உதவித்தொகை விசாரணைக்கு அதிகாரி வந்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதுமே பாட்டிலையும் குழாயையும் பிடுங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

"ஏம்மா, வேலைக்குப் போறியாமே? வீட்டோட இருந்து இவரப் பாத்துக்கறதுக்குத்தான் உதவித்தொகை. தெரியுமில்ல?"

"இவர வுட்டுட்டு நான் எங்கீங்க போவேன்?"

"அப்ப சரி. அவருக்குக் கொஞ்சம் தண்ணி குடு, பாக்கலாம்."

டம்ளரை அவர் உதட்டில் வைத்தாள். ராக்கியப்பன் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் கழுத்தில் வழிந்து தலையணையை நனைத்தது.

"குடிங்க," என்றாள் சிரித்தபடி. அவளுடைய நகங்கள் அவர் தோளில் அழுந்தின. அங்கே அவருக்கு உணர்ச்சி கிடையாது.

"தாகமில்லையாட்டம் இருக்குது," என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

ராக்கியப்பன் அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு மெல்ல முகத்தைத் திருப்பி, வெறும் ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்தார்.