வாங்காத வாடகை

"வாடகை ரசீது இருக்கா தம்பி?" என்று கேட்டார் ஆடிட்டரம்மா.

வெல்டிங்காரன் திருதிருவென்று விழித்தான். கடல் கடந்து இந்த ஊருக்குப் பிழைக்க வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. வருமான வரிக் கணக்கு எழுத வருவது இதுதான் முதல் தடவை.

"ரசீது எதுக்கும்மா?"

"வேலைக்காகப் புதுசா இங்க வந்தவங்களுக்கு ஒரு சலுகை இருக்கு. சொந்தமா வீடு பார்க்கிற வரைக்கும் வேற இடத்துல தங்கினா, அந்த வாடகையைச் செலவாக் காட்டலாம். சம்பளத்துல பிடிச்ச வரியில ஒரு பங்கு திரும்ப வரும். விமான டிக்கெட்டைக் காட்ட முடியாது, அது உங்க கம்பெனி கொடுத்தது. முதல்ல எங்க தங்கினீங்க?"

"மூணு மாசம் ரொட்டி அண்ணன் வீட்ல."

"எவ்வளவு வாடகை கொடுத்தீங்க?"

கொடுத்திருந்தால்தானே சொல்ல!

ரொட்டி அண்ணன் அவனுக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. பேக்கரியில் அடுப்பு வேலை பார்ப்பவர். இவன் வந்த புதிதில், பெட்டியும் பையுமாகப் பஸ் நிறுத்தத்தில் நின்று பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். தமிழ்ச் சண்டை காதில் விழுந்ததும் திரும்பிப் பார்த்தவர், இருவரையும் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வாடகை என்று வாயெடுத்தாலே, "பேசாம சாப்பிடுடா" என்பார். சல்லிக்காசு வாங்கவில்லை.

அதைச் சொன்னால் சலுகை போச்சு.

"ரசீது வீட்ல இருக்கும்மா. நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்" என்றான் வாய் கூசாமல்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மனைவிக்கு ஏழாவது மாதம். தரையில் விரித்த மெத்தையிலிருந்து எழுந்திருக்க அவள் படும் பாட்டை அவனால் பார்க்க முடியவில்லை. முழங்காலை ஊன்றி, சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் அவனுக்கே இடுப்பு வலிக்கும். பிள்ளை பிறப்பதற்குள் ஒரு கட்டில் வாங்கிவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தான். வருகிற சம்பளமோ வந்த வழியே போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே ரொட்டி அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு, அவர் முகத்தைப் பார்த்ததும் மறந்தே போய்விட்டது. மென்று விழுங்கி ஒருவழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தான்.

அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கட்டிலுக்கா?"

"ஆமாண்ணே. அவளுக்கு எழுந்திருக்கவே முடியல."

"தங்கச்சிக்குன்னா சரி. எவ்வளவுன்னு போடட்டும்?"

"நீங்க பார்த்து..."

"கொஞ்சமாப் போட்டா தலகாணிதான் வாங்கலாம்" என்று சிரித்துக்கொண்டே தாராளமாக ஒரு தொகையை எழுதினார். மாசத்துக்கு ஒன்றாக மூன்று ரசீது போட்டு, மூன்றிலும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வேலை முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவனுக்குப் புதிதாக ஒரு அரிப்பு.

"அண்ணனை நான் என்னமோன்னு நினைச்சிருந்தேன்" என்றான் மனைவியிடம். "பொய் ரசீது எழுதும்போது மனுஷனுக்குக் கொஞ்சமாவது கை நடுங்க வேண்டாமா? கேட்ட உடனே போட்டுட்டார். இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குப் போட்டாரோ!"

"கேட்டது நீங்கதானே?"

"நான் கஷ்டத்துல கேட்டேன். அவருக்கு என்ன கஷ்டம்?"

இந்த நியாயத்தைக் கேட்டுவிட்டு அவள் சுவரைப் பிடித்து எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பணம் வந்தது. கட்டிலும் வந்தது. கடைக்காரர்களை அனுப்பிவிட்டு அவனே ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினான். மனைவி அதில் உட்கார்ந்து காலை ஆட்டிப் பார்த்தாள். பிறகு எதையும் பிடிக்காமல் எழுந்து நின்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனுக்கு ஏழு உலகத்தையும் வாங்கியது போல் இருந்தது.

"அண்ணனையும் அண்ணியையும் சாப்பிடக் கூப்பிடுங்க" என்றாள்.

கூப்பிட்டான். "ஞாயித்துக்கிழமை வேலை இருக்குடா" என்றார் அண்ணன். அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த வாரமும் அதேதான்.

அவனுக்கு ஆச்சரியம். தலைபோகிற வேலையானாலும் ஞாயிற்றுக்கிழமை பேக்கரிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர் அவர். அன்றைக்கு அண்ணியோடு பூங்காவைச் சுற்றினால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

'வயசாக வயசாகப் பணத்தாசை பிடிச்சுடுச்சு' என்று முடிவு கட்டிவிட்டு, அடுத்த ஞாயிறு நேராகப் பேக்கரிக்கே போனான். நெற்றியில் மாவும் வியர்வையுமாக அடுப்பு முன்னால் நின்றிருந்தார் அண்ணன்.

"ஏண்ணே, அண்ணியைத் தனியா விட்டுட்டு ஞாயித்துக்கிழமையும் உழைக்கணுமா? இவ்வளவும் சேர்த்து எங்க கொண்டுபோகப் போறீங்க?"

"எங்கடா சேர்க்கிறது? வரி கட்டணும். இந்த வருஷம் கொஞ்சம் துண்டு விழுது."

"வரியா? உங்களுக்கு வருஷா வருஷம் திரும்பித்தானே வரும்?"

"இந்த வருஷம் வாடகை வருமானமும் இருக்கேடா. அதைக் கணக்குல காட்டாம விட முடியுமா?"

"வாடகையா? சொல்லவே இல்லையே! வீட்டை யாருக்கு விட்டிருந்தீங்க?"

அண்ணன் சூடான தட்டை இறக்கி வைத்துவிட்டு, கைத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"உனக்குத்தான்டா!"