இரைச்சல் என்று பெயர் வைத்த குரல்

லூர்துசாமி தினமும் மாலையில் சிற்றலை ரேடியோவின் குமிழைத் திருகி, தூர தேசத்து நிலையங்களைத் தேடிக் கேட்பார். பிறகு அந்த வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதுவே நிலையங்களைப் பிடித்துப் பதிவு செய்தது. ரேடியோவின் ஒலியைக் குறைத்தவர், அணைக்க மறந்துவிட்டார்.

ஒருநாள் ரேடியோ கம்ப்யூட்டரிடம் கேட்டது: "தம்பி, ரெண்டு நிலையத்துக்கு நடுவுல ஒருத்தர் பேசுறாரே, கேக்குதா? படகுல தண்ணி ஏறுதாம்."

"அவர் என் பட்டியல்ல இல்லண்ணே. இரைச்சல்னு அழிச்சுட்டேன்."

"நேத்து?"

"நேத்தும்தான். ஆறு நாளா அழிக்கிறேன்."

அப்போது லூர்துசாமி டீயோடு வந்து திரையைப் பார்த்தார். "நாப்பது நிலையம்! துளி இரைச்சல் இல்ல!" என்று பூரித்துப்போனார்.

ரேடியோ தன் பலத்தையெல்லாம் கூட்டி அந்தக் குரலை வெளியே விட்டது. கரகரப்புக்கு நடுவே, "யாராவது கேக்குறீங்களா?" என்றது குரல்.

"இது இன்னுமா ஓடுது?" என்று லூர்துசாமி ரேடியோவை அணைத்தார்.

மறுநாள் மாலை கம்ப்யூட்டர் மெதுவாகச் சொன்னது: "அண்ணே, இன்னிக்கு அழிக்க எதுவுமே வரல."

ரேடியோ அணைந்தே கிடந்தது.