மூன்றாம் நம்பருக்கு யார்?

செருப்பு சடசடக்க நர்ஸ் மறுபடியும் வெளியே வருகிறாள். கையில் படிவம் செருகிய அட்டை. "மூணாம் நம்பர் பேஷண்ட்கூட வந்தவங்க யாரு? கையெழுத்து போட்டாத்தான் ஆபரேஷன்!" இது நாலாவது தடவை, தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. காத்திருக்கும் அறையில் இருப்பதே மூன்று பேர். ஜன்னல் வெயில் விழுந்த மூலையில் தையல்காரர் துண்டை விரித்து, நெற்றி தரையில் பட மண்டியிட்டிருக்கிறார். டீச்சரம்மாவின் விரலுக்கடியில் ஜெபமாலை மணிகள் ஆமையாய் நகர்கின்றன. லாரி டிரைவர் சாவிக்கொத்தோடு கைகூப்பி மந்திரம் முணுமுணுக்கிறார். டீச்சரம்மா கண்ணைத் திறக்காமலே 'பொறு' என்று ஒரு விரலை உயர்த்துகிறாள். "கும்பிட வேணாம்னா சொன்னேன்? தலையையாவது ஆட்டுங்களேன்!" ஒருவழியாக மூன்று பேரும் முடிக்கிறார்கள். "என் தங்கச்சி ஒண்ணாம் நம்பரும்மா," என்கிறார் தையல்காரர். "எங்க வீட்டுக்காரர் அஞ்சு," என்கிறாள் டீச்சரம்மா. டிரைவர், "எங்கப்பா ஏழு. அப்ப மூணுக்கு யாருமே இல்லையா?" என்கிறார். "காலையில ரோட்டுல அடிபட்டுக் கிடந்தாராம். கொண்டுவந்தவங்க இங்கதான் இருப்பாங்கன்னு நெனச்சேன்." மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மடித்த துண்டு மறுபடி விரிகிறது. மணிகள் முதலிலிருந்து உருளத் தொடங்குகின்றன. சாவிக்கொத்து உள்ளங்கைகளுக்குள் அடங்குகிறது. "அடக் கடவுளே, நான் கேட்டது கையெழுத்துங்க!" நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு பெரிய டாக்டரைத் தேடிப் போகிறாள், செருப்புச் சத்தம் எழாமல்.