காயாத குச்சி

என் மகன் ஹரிஷ்குமார் இருந்த வீட்டை விற்றுத் தூத்துக்குடியில் ஒரு ஓட்டைப் படகை வாங்கினான். பலகை மாற்றி, உள்ளே கட்டிலும் அடுப்பும் போட்டு, மருமகள் அனுப்பிரியாவோடு அதிலேயே குடியிருக்கிறான். கண்மாயில்கூட நீந்தத் தெரியாத பயல் கரையோரமாகவே கன்னியாகுமரி வரை போவானாம்.

"மீனுக்கு இரையாகத்தான் போறீக" என்று சொல்லி மூன்று ராக்கெட் கொடுத்தேன். ஆபத்தென்றால் கொளுத்தட்டும், எவனாவது பார்த்து வருவான். அடையாளத்துக்குக் குச்சிகளில் என் பழைய கைலியைக் கிழித்துக் கட்டியிருந்தேன்.

இன்று காலை, கடலே எட்டாத ஆமத்தூரில், என் வாசலில் ஒரு ராக்கெட் குச்சி விழுந்தது. முனை கருகியிருந்தது. கட்டியிருந்தது என் கைலித் துணி. சொட்டச் சொட்ட நனைந்திருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

போன் போட்டேன். "ராக்கெட் விட்டீகளா?"

"இன்னும் கிளம்பவே இல்ல மாமா. மூணும் பெட்டியிலதான் இருக்கு" என்றாள் மருமகள்.

"போகாதீக தாயி."

பின்னால் மகன் சிரித்தான். "அப்பா என்னைக்குப் போகச் சொல்லியிருக்காரு? கயித்த அவுத்துவிடு அனு."

எஞ்சின் சத்தம் கேட்டது. போன் நின்றது.

குச்சியை வெயிலில் போட்டேன். சாயங்காலமாகிவிட்டது. இன்னும் தண்ணீர் சொட்டுகிறது.