அம்மன் தலைக்கு மேல் ஒரு கம்பி

"அம்மன் தலைக்கு மேல கம்பி போவக் கூடாது. அவ்ளோதான், பேச்சு முடிஞ்சிது!"

பூசாரி தெய்வசிகாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஏணியில் பாதி ஏறியிருந்த ஜுல்பிகர் அப்படியே நின்றுவிட்டார். கள்ளக்குறிச்சியில் வீடுகளுக்கு கேபிளும் நெட்டும் கொடுப்பவர் அவர். வடக்கனந்தலில் இருந்து கல்வராயன் மலை மேலே வரைக்கும் ஒயர் இழுத்து வந்தாயிற்று. போய்ச் சேர வேண்டிய மேல்கொட்டாய் ஊரின் வீடுகள் கண்ணுக்கே தெரிகின்றன. இந்த நேரத்தில் இப்படி ஒரு தடை!

"பூசாரி, இது கரண்டு கம்பி இல்லீங்க. உள்ள கண்ணாடி இழைதான். வெறும் வெளிச்சம்தான் போவும்."

"வெளிச்சமோ இருட்டோ, அவ தலைக்கு மேல எதுவும் போவக் கூடாது பாய்."

சுற்றிக்கொண்டு போகவும் வழியில்லை. கோயிலுக்கு இந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம், அந்தப் பக்கம் காப்புக்காடு. கோயிலைத் தாண்டித்தான் ஊருக்குள் ஒயர் வந்தாக வேண்டும்.

விஷயம் கேள்விப்பட்டு, இடுப்பில் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள் செந்தமிழ்ச்செல்வி. பாவம், அவளுக்குத்தான் உயிர் போகிற அவசரம். சென்னைக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலை. ஆனால் திங்கட்கிழமைக்குள் வீட்டில் பிராட்பேண்ட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். செல்போன் சிக்னலை நம்பலாமா என்றால், மேல்கொட்டாயில் அது வந்தாலும் சொல்லிக்கொண்டு வராது, போனாலும் சொல்லிக்கொண்டு போகாது.

"மாமா, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். காலேஜ் முடிச்சிட்டு மரவள்ளிக்கெழங்கு புடுங்கிக்கினு இருக்கேன். இப்பதான் ஒரு வழி பொறந்திருக்கு. கெடுத்துடாதீங்க."

"நீ சம்பாரிக்கறதுக்கு அம்மன் தலை குனியணுமா?" என்று ஒரே போடாகப் போட்டார் பூசாரி.

அதற்குள் ஊரே கூடிவிட்டது. பாதிப் பேர் செல்வி பக்கம். மீதிப் பேருக்கு செல்லமுத்துதான் வாய்.

"நெட்டு இல்லன்னா செத்தா பூட்டோம்? மழ தண்ணி கம்மியாச்சின்னா யாருய்யா பொறுப்பு? பூசாரி சொல்றதுதான் சரி!"

"கோயிலுக்கு மேல மைக்செட்டு கட்டறப்ப உன் மழ எங்க போச்சி?" என்று செல்வி பக்கம் நின்ற பூமாலை பதிலுக்குக் கத்தினாள்.

வார்த்தை தடித்தது. கை நீள்வதற்குள் பூசாரி குரலை உயர்த்தினார்.

"நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். அவளையே கேட்டுடலாம். பூ வெச்சிப் பாப்போம். வெள்ள வந்தா கம்பி போவட்டும். செவப்பு வந்தா பாய் ஒயர சுருட்டிக்கினு எறங்கட்டும். இன்னா செல்லமுத்து, சம்மதமா? அப்பறம் பேச்சு மாறக் கூடாது."

"அம்மன் சொல்லிட்டா நான் இன்னாத்த பேசப் போறேன்?"

வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், சிவப்பு அரளி ஒரு பொட்டலத்தில். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்தது எதுவோ அதுதான் உத்தரவு. இன்னொன்றைப் பிரித்துப் பார்ப்பது அம்மனையே சந்தேகப்படுவது மாதிரி. அந்த ஊரில் யாரும் செய்யமாட்டார்கள்.

பூசாரி பூப்பறித்து வந்து, திரையைப் போட்டுக்கொண்டு உள்ளே பொட்டலம் மடித்தார்.

செல்வியின் கணவன் அஜித்குமார் அவள் காதில் கிசுகிசுத்தான். "இந்தாளு ரெண்டுலயும் செவப்பையே வெச்சிட்டா இன்னாடி பண்ணுவ?"

"சீ, வாயக் கழுவு! சாமி பூவுல வெளையாடற ஆளா அவரு?" என்றாள் செல்வி. சொல்லிவிட்டாளே தவிர, திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திரை விலகியது. எழில்மதி என்கிற குட்டிப்பெண் தத்தித் தத்திப் போனாள். ஒரு பொட்டலத்தைத் தொட்டாள். விட்டுவிட்டு மற்றதை எடுத்து வந்து நீட்டினாள். பூசாரி பிரித்தார்.

வெள்ளை!

பெண்கள் குலவை போட்டார்கள். செல்விக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. செல்லமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நான் ஏணியப் புடிச்சிக்கறேன், நீ ஏறு பாய்!" என்று முதல் ஆளாக ஓடினார். பூசாரி மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "அவளே சொல்லிட்டா, நான் யாரு?" என்று முணுமுணுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்வி வீட்டில் ஜுல்பிகர் மாட்டிய நெட் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சென்னையில் இருந்து வீடியோவில் வந்த மேனேஜர் அசந்துபோனார். "எங்க ஆபீஸ்லகூட இவ்ளோ கிளியரா வராதும்மா! நாளைக்கே ஜாயின் பண்ணிடுங்க."

செல்வி வாசலில் நின்று போகிறவர் வருகிறவர் வாயில் எல்லாம் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். மேல்கொட்டாயில் உட்கார்ந்துகொண்டே சென்னை வேலை! சும்மாவா?

எல்லோரும் கலைந்த பிறகு பூசாரி வந்தார். கொண்டுவந்த குங்குமத்தைப் பெட்டிக்கு ஒரு பொட்டாக வைத்தார். செல்வி காலில் விழுந்து எழுந்தாள்.

"எம்மேல கோவமா மாமா? நீங்கதான் ஆவவே ஆவாதுன்னு நின்னீங்க."

பூசாரி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போடி பைத்தியக்காரி. படிச்ச புள்ளைங்க எல்லாம் வேலை வேலைன்னு எறங்கிப் போயிக்கினே இருந்தா, நாளைக்கு இங்க சாமி தூக்க யாரு இருப்பா? நான் சரின்னிருந்தா செல்லமுத்து ஏணியப் புடிச்சித் தள்ளியிருப்பான். அம்மன் சரின்னதும் ஏணியப் புடிச்சிக்கினு நின்னான் பாத்தியா?"

செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யய்யோ, அந்தக் கொழந்த செவப்ப எடுத்திருந்தா இன்னா மாமா பண்ணியிருப்பீங்க?"

"எப்டி எடுக்கும்?" என்று சிரித்தார் பூசாரி. "அன்னிக்கி நான் செவப்பு அரளி பறிக்கவே இல்லியே!"