முதல் வெட்டு

பொன்னுரங்கம் அந்த மடக்குக்கத்தியை வாங்கி வந்த நாள் சப்தமி.

"அஷ்டமி நவமி கழியட்டும். தசமியன்னைக்கு எலுமிச்சம்பழம் வெட்டித் தொடங்கலாம்" என்று அலகில் குங்குமப் பொட்டு வைத்து, பேன்ட் பையில் போட்டுக்கொண்டார்.

ஆனால் கை சும்மா இருக்குமா? டீ குடிக்கும்போதும் விரித்து மடக்கினார், பேப்பர் படிக்கும்போதும் விரித்து மடக்கினார். புதுக் கீல், இறுக்கம். ஒவ்வொரு தடவையும் கிரீச்சிட்டது. ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டார், அப்படியும் சத்தம் நிற்கவில்லை.

"பார்த்தியாக்கா, என்மேல எவ்வளவு உசிரு!" என்றது கத்தி, பையில் கூடவே கிடந்த சாவிக்கொத்திடம்.

"எனக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லப்பா. நீ குடுத்துவெச்சவன்" என்றது சாவிக்கொத்து.

நவமியன்று காலையில் கூரியர் வந்தது. பொன்னுரங்கம் பார்சலை வாங்கிய வேகத்தில் கத்தியை உருவி விரித்தார்.

"ஐயோ, இன்னைக்கு நவமியாச்சே! எலுமிச்சம்பழம் எங்கே?"

கத்தி அலறியது யார் காதில் விழும்? அட்டைப்பெட்டியின் டேப்பை அறுத்ததில் பொட்டு அழிந்தது, அலகெல்லாம் பசை அப்பிக்கொண்டது.

பெட்டிக்குள் மரப்பிடி போட்ட இன்னொரு மடக்குக்கத்தி பளபளவென்று படுத்திருந்தது.

"அடடா, என்ன அழகு! நாளைக்குத் தசமி, உனக்கு எலுமிச்சம்பழம்" என்று கொஞ்சிவிட்டு, பொன்னுரங்கம் குங்குமம் எடுக்க உள்ளே ஓடினார்.

"அண்ணே, நம்ம ஐயா எப்படி? தங்கமானவர்தானே?" என்று கேட்டது புதுசு.

திரும்பி வந்தவர் பழைய கத்தியைப் பார்க்காமலே மடக்கினார். மூன்று நாளாகக் கிரீச்சிட்ட கீல், அன்றைக்குத்தான் சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.